அண்ணன் தட்டிப் பார்க்காத மைக்

ஆள் கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனி வருவதைக் கேட்டால் அப்படித் தோன்றாது.

டிவி நிலையத்தில் எட்டு வருஷமாகத் தையல் மெஷின் மிதிக்கிறாள். எட்டு வருஷத்தில் அங்கே அவளுக்கு ஒரு பெயர்கூட ஒட்டவில்லை. நடிகர்களுக்கு டெய்லரம்மா, மேனேஜருக்கு "அந்தத் தையல்காரம்மா". வாசல் காவலாளிக்கு அதுவும் கிடையாது. தினமும் காலையில் யாரென்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார். மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை அவளுடையது. இரண்டு மெஷின், ஓர் இஸ்திரிப் பெட்டி, சுவருக்குச் சுவர் ஓர் இரும்புக் கம்பி. அந்தக் கம்பியில் நீதிபதி கோட்டும் திருடன் சட்டையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு தொங்கும். அவள் தைத்ததையெல்லாம் ஊரே பார்க்கும், அவளை யாரும் பார்க்க மாட்டார்கள். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் பெரிது. ஆக, அவள் வாயைத் திறந்து பேச இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆள் அவளுடைய அண்ணன்.

அண்ணனுக்கும் அப்படித்தான். பத்து வயது மூத்தவர். இருபத்திரண்டு வருஷம் தபால்காரராக இருந்தார். எதுவானாலும் முதலில் இவளிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். வேலையை விடப்போவதை, வார்டுக்குச் சுயேச்சையாக நிற்கப்போவதை, ஜெயித்ததை, எல்லாவற்றையும் அண்ணிக்கு முன்னால் இவள்தான் கேட்டாள். "உங்க அண்ணனுக்கு வயிறு வலிச்சாக்கூட உன்கிட்ட சொல்லிட்டுத்தான் என்கிட்ட மாத்திரை கேப்பாரு" என்று அண்ணி கிண்டல் செய்வாள். கேட்கும்போதெல்லாம் இவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும். அவளிடம் இருந்த ஒரே சொத்து அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் சட்டைகளை எப்போதும் அவள்தான் தைப்பாள். தபால் பை தொங்கித் தொங்கி அவருடைய இடது தோள் அரை இஞ்சுக்கு மேல் இறங்கிவிட்டது. அதனால் அந்தப் பக்கம் மட்டும் தோள்பட்டைக்குள் மடித்த துணி ஒன்றை வைத்துத் தைத்துவிடுவாள். வெளியே பார்த்தால் தோள் சமமாக இருக்கும். அளவு எடுப்பது, குறித்துவைப்பது எதுவும் கிடையாது. கை தானாகச் செய்யும்.

ஜெயித்த பிறகு நடந்த முதல் நகரமன்றக் கூட்டம். அண்ணன் நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனார். அவருடைய வார்டில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் மூடியில்லாத சாக்கடை ஒன்று இருக்கிறது. அதற்கு மூடி போட வேண்டும். எழுந்து நின்று பதினான்கு நிமிஷம் பேசினார். பேசிவிட்டு நேரே தங்கச்சி வீட்டுக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாப்பா, ஒருத்தர்கூட குறுக்க பேசல. உக்காந்ததும் எல்லாரும் மேசையைத் தட்டினாங்க."

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். வெளிச்சம் இல்லை. நகரமன்ற அலுவலகத்தில் கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்கிற பெண் கூப்பிட்டு, "சார், உங்க பேச்சு எதுவுமே பதிவாகல" என்று சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு மைக் இருக்கிறது, பேசுவதற்கு முன்னால் அதன் பட்டனை அழுத்த வேண்டும். புது ஆளுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. அவருடைய குரலோ பக்கத்து அறைக்குக் கேட்காத குரல். பதினான்கு நிமிஷமும் அவர் தனக்குத்தானே பேசியிருக்கிறார்.

"பக்கத்துல உக்காந்திருந்தவங்களுக்குத் தெரியும் பாப்பா. ஒருத்தரும் சொல்லல." கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "அண்ணிகிட்ட சொல்லிடாத."

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். அண்ணியிடம் சொல்லவில்லை.

அடுத்த மாதம் நிலையத்தில் புதிதாக ஓர் அரசியல் நகைச்சுவை நிகழ்ச்சி ஆரம்பித்தார்கள். வாரம் ஒரு முறை, அரை மணி நேரம், ஆளுகிறவர்களைத் தோலுரிக்கப் போகிறோம் என்று மேனேஜர் படியேறும்போதும் இறங்கும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவளிடம் ஒரு சீட்டு வந்தது. நகரமன்றத் தலைவருக்கு மினுமினுக்கும் கோட்டு ஒன்று, அமைச்சருக்கு இரண்டு செட், வார்டு உறுப்பினருக்கு வெளிர் நீலச் சட்டை ஒன்று, "எளிமையான ஆள்." அளவெல்லாம் சீட்டிலேயே இருந்தது. தலைவர் கோட்டுக்கு மட்டும் நாலு நாள் உழைத்தாள். நீலச் சட்டையை ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டாள்.

போட்டுப் பார்க்க வந்த நகைச்சுவை நடிகர் கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சாய்த்தார். அவருடைய தோள்கள் இரண்டும் ஒழுங்கான தோள்கள். இடது பக்கம் மட்டும் திமில் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது.

"என்ன டெய்லரம்மா, ஒரு தோளுக்கு மட்டும் பதவி உயர்வு குடுத்திருக்கீங்க?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணனுக்கு வைக்கிற மடிப்பை இங்கேயும் வைத்துத் தைத்திருக்கிறாள். தொழில் கற்ற யாரும் செய்யாத தப்பு. அசடு வழிந்தாள்.

"மன்னிச்சுக்குங்க சார், கைப்பழக்கம். எங்க அண்ணன் தோளு அது. கழட்டுங்க, அஞ்சு நிமிஷத்துல பிரிச்சுத் தரேன்."

"அண்ணனுக்கு என்ன?"

"தபால்காரரா இருந்தாரு சார். பை தூக்கி ஒரு தோள் இறங்கிப்போச்சு. இப்ப வார்டு மெம்பரா இருக்காரு."

"நிஜ வார்டு மெம்பரா?"

நடிகர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான், ஆள் தொலைந்தாள். எட்டு வருஷத்தில் அந்த அறையில் அவள் பேச்சைக் கேட்க யாரும் உட்கார்ந்ததே இல்லை. அளவு எடுக்கும்போதுகூட நடிகர்கள் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது டிவியில் வருகிற முகம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இவளையே பார்க்கிறது. தப்பை மறைக்க ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ சுற்றி மைக்கில் வந்து நின்றது. நடிகர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் பேசி ஒருவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். நாலு மணி டீ நேரத்துக்கு நடிகர் இரண்டு வசனகர்த்தாக்களைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். "அதை இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

இரண்டாவது தடவை சொல்லும்போதுதான் அவள் கண், காது, மூக்கு எல்லாம் வைத்தாள். முதல் தடவை வந்த சிரிப்பு குறைந்துவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு. "பேசறதுக்கு முன்னால மைக்கைத் தட்டிக்கூடப் பாத்திருக்காரு சார். சத்தமே வரல. சத்தம் போடாத மைக்குதான் உசத்தி மைக்குன்னு நெனச்சிட்டாரு." மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டையைப் பிரிக்கவே வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்கள். அப்போதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. அன்றைக்குப் பேருந்தில் நின்றுகொண்டே வந்தாள், கால் வலிக்கவில்லை. மறுநாள் வராந்தாவில் எதிரே வந்த வசனகர்த்தா ஒருவர் வணக்கம்கூடச் சொன்னார்.

நிகழ்ச்சியின் முதல் ஒளிபரப்பு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு. அண்ணன் வீட்டில்தான் பார்க்க வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். அண்ணன் அதற்கு ஒரு படி மேலே போய்த் தெருவையே கூப்பிட்டுவிட்டார். மருந்துக் கடைக்காரர், மாடி வீட்டுக் கணவன் மனைவி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், அவர்களோடு வந்த பத்துப் பன்னிரண்டு பேர். நாற்காலி போதாமல் கட்டிலின் ஓரத்திலும் உட்கார்ந்தார்கள். அண்ணி பிஸ்கட்டும் டீயும் கொடுத்தாள். அண்ணன் நின்றுகொண்டே அறிவிப்புச் செய்தார்.

"கதையெல்லாம் அப்புறம். எல்லாரும் துணியைப் பாருங்க. அத்தனையும் எங்க பாப்பா தைச்சது."

நிகழ்ச்சி ஆரம்பித்தது. தொகுப்பாளர் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து செய்தி வாசிப்பது போல் அமைச்சர்களை இரண்டு மூன்று இடத்தில் குத்தினார். குத்து வலிக்காத குத்துதான். ஆசிரியர் "பரவால்லயே, தைரியமா பேசறாங்க" என்றார். அவள் கண் தையலை விட்டு நகரவில்லை. அமைச்சரின் கை மடிப்பு சரியாக விழுந்திருந்தது. தலைவரின் கோட்டு எப்போது வரும் என்று காத்திருந்தாள். அது வரவில்லை. மூன்று நாள் முன்னால் அந்தக் கோட்டு ஒரு முறைகூட உடுத்தாமல் பையோடு அவள் கம்பிக்குத் திரும்பி வந்திருந்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை. தலைவர் ஒரு போன் போட்டால் நிலையத்தின் மேல்மாடி வரை அதிரும், அதனால் தலைவரை எடுத்துவிட்டார்கள். அந்த ஐந்து நிமிஷத்தை யாரையாவது வைத்து நிரப்ப வேண்டுமே. போன் போடத் தெரியாத ஆள் ஒருவர் வேண்டுமே. ஆளுகிறவர்களைத் தோலுரிக்கக் கிளம்பிய வீரர்கள் கடைசியில் பிடித்தது ஒரு தபால்காரரை.

வெளிர் நீலச் சட்டை எழுந்து நின்றது. ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

"நம்ம சட்டை மாதிரியே இருக்கே" என்றார் அண்ணன், சந்தோஷமாக.

பிறகு அந்த ஆள் பையிலிருந்து காகிதங்களை எடுத்தார். முன்னால் இருந்த மைக்கைத் தட்டினார். சத்தம் இல்லை. காதை வைத்துக் கேட்டார். கண்ணை மூடித் தலையாட்டினார். "அடடா, என்ன ஒரு அமைதியான மைக்" என்றார். அறையே வெடித்தது. மருந்துக் கடைக்காரருக்கு டீ புரையேறியது. எல்லோரிலும் அதிகமாகச் சிரித்தது அண்ணிதான். புருஷன் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தாள். "இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?" என்று அவரிடமே கேட்டாள்.

இது யார் என்று அந்த அறையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. வாயில் இருந்த பிஸ்கட் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பூமி பிளந்து தன்னை இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. திரையில் அந்த ஆள் பேசி முடிக்கும்வரை, நிஜத்தில் பதினான்கு நிமிஷமாக இருந்தது ஐந்து நிமிஷமாகச் சுருங்கி ஓடி முடியும்வரை, நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஒரே ஒரு முறை ஓரக்கண்ணால் பார்த்தாள். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் எவ்வளவு சிரித்தார்களோ அதே அளவு, ஒரு சொட்டுக் கூடாமல் குறையாமல்.

எல்லோரும் போன பிறகு அவள் சமையலறையில் டம்ளர் கழுவினாள். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். அண்ணன் வந்து கதவருகில் நின்றார். முன்னறையில் அண்ணி நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. அதனால் குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஏற்கெனவே தாழ்ந்த குரல்.

"நான் தட்டிப் பாக்கலையே பாப்பா. தட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே."

அதில் கோபம் இல்லை. முகவரி தப்பாக எழுதிய கடிதத்தை "இது உங்களுக்கு வந்தது இல்லையே" என்று திருப்பிக் கேட்பாரே, அந்தக் குரல். அவள் திரும்பினாள். கையெல்லாம் நுரை.

"தப்புப் பண்ணிட்டேன் அண்ணா. சும்மா பேச்சு வாக்குல..."

"எல்லாரும் சிரிச்சாங்களா? நீ சொன்னப்ப?"

பொய் சொல்லியிருக்கலாம். "சிரிச்சாங்க" என்றாள்.

"அப்ப நல்லாத்தான் சொல்லியிருக்க" என்று சொல்லிவிட்டு, துடைக்கிற துணியை எடுத்து டம்ளர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். அவர் கத்தியிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால், அவள் அழுது முடித்திருப்பாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. அண்ணன் கதையை வெளியே சொன்னதற்கு மட்டுமல்ல அந்த வெட்கம். உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர் சொல்லித்தர ஆளில்லாத ஒரு புது உறுப்பினர். இவள் வைத்த காதும் மூக்கும் சேர்ந்துதான் அவரை முட்டாளாக்கியது. மூன்று பேருடைய சிரிப்புக்காக.

தெருவுக்குத்தான் அது யாரென்று தெரியாது. நகரமன்றத்துக்குத் தெரியும். அங்கே அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்கள்தானே எல்லோரும். அடுத்த கூட்டத்தன்று அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, அண்ணனுக்குத் தெரியாமல் பார்வையாளர் வரிசையில் கடைசியில் போய் உட்கார்ந்தாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. சாக்கடை மூடி விஷயம் மறுபடி பட்டியலில் இருந்தது. தலைவர் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் எழுந்தார். பட்டனை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

டொக், டொக். யாரோ ஒருவர் தன் முன்னால் இருந்த மைக்கைத் தட்டினார். இன்னொருவர் தட்டினார். பிறகு மண்டபம் முழுக்க டொக் டொக்கென்று, நாற்பது மைக், நாற்பதும் நன்றாக வேலை செய்கிற மைக். எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி என்ற பேதமே இல்லை. அதற்கு முன்னும் பின்னும் அந்த மன்றம் அப்படி ஒற்றுமையாக எதையும் செய்தது கிடையாது. தலைவர் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். பாவி, அவருக்காகத் தைத்த கோட்டு இன்னும் இவள் கம்பியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர்கள் தட்டியது இவள் சேர்த்துச் சொன்னது. அண்ணன் செய்யாதது. அதை எழுந்து நின்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அண்ணன் காகிதத்தை ஒரு முறை பார்த்தார். "பள்ளிக்கூட வழியில இருக்கற சாக்கடைக்கு மூடி வேணும். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அண்ணன் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள்.

கூட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை நடிகர் அவள் அறைக்கு வந்தார். "டெய்லரம்மா, சூப்பர் ஹிட். அந்த மெம்பர் வாரா வாரம் வரணும்னு மேல சொல்லிட்டாங்க. அண்ணன் வேற ஏதாவது பண்ணினாரா?" அவர் அதே நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் நிமிரவே இல்லை. "இல்ல சார்" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள். அன்றைக்கு மாலையே மேனேஜரிடம் போய் நீலச் சட்டையைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டாள், தோளைச் சரிபண்ண வேண்டும் என்றாள். "தோள்தாம்மா அந்த கேரக்டரே" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அண்ணன் அவள் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. அப்படியாவது நிறுத்தியிருக்கலாம். எப்போதும் போல வாரம் இரண்டு முறை வந்தார். லாரி எந்த ஊரில் இருக்கிறது என்று விசாரித்தார். குழாய் ஒழுகினால் சரிசெய்து கொடுத்தார். டீயில் சர்க்கரை போதவில்லை என்று முன்பு போலவே குறை சொன்னார். அவள்தான் கேட்டுப் பார்ப்பாள்.

"மன்றத்துல என்ன அண்ணா நடக்குது?"

"நடக்குது பாப்பா."

"சாக்கடை மூடி?"

"வரும்."

"உங்களுக்கு ஏதாவது மனசுல..."

"ஒண்ணும் இல்லம்மா. நீ சாப்பிட்டியா?"

அவ்வளவுதான். சண்டை போட்டால் சமாதானமாகலாம். இங்கே சண்டையே இல்லை. அண்ணன் எதிரே உட்கார்ந்திருக்கிறார், பேசுகிறார், சிரிக்கிறார், ஆனால் பேச்சு எல்லாம் அவளைப் பற்றியதாகவே இருக்கும். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே விட மாட்டார். மூன்று மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் அவளே வெட்கத்தை விட்டுக் கேட்டாள், "என்கிட்ட முன்ன மாதிரி எதுவும் சொல்றதில்லையே அண்ணா?" அவர் ஆச்சரியப்பட்டவர் போல் பார்த்தார். "சொல்ல என்ன இருக்கு பாப்பா? எல்லாம் நல்லாத்தானே போகுது" என்றார். அந்தப் பொய்யை அவர் அவளுக்காகவே சொன்னார் என்பது அவளுக்குப் புரிந்தது. அதற்கு மேல் கேட்க அவளுக்கு முகம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி ஒரு ரவிக்கைத் துணியோடு வந்தாள். துணியை மேசையில் போட்டுவிட்டு, கழுத்து எப்படி வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், நடுவில் பெருமூச்சு விட்டாள்.

"உங்க அண்ணன் வீட்டுல சும்மா உக்காந்திருக்கறதைப் பாத்தா எனக்கே ஒரு மாதிரி இருக்கு. இருந்தாலும் ராஜினாமா பண்ணினதுதான் சரின்னு இப்ப தோணுது. அந்த இடம் அவருக்கு ஒத்துவரல."

அவள் கையில் இஞ்ச் டேப் இருந்தது. "எப்ப..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"கடிதம் குடுத்துப் பத்து நாளாச்சு. ஏன், உனக்குத் தெரியாதா?" அண்ணி அவளை உற்றுப் பார்த்தாள். "உன்கிட்டதான் முதல்ல சொல்லியிருப்பாருன்னு நானா எதுவும் பேசாம இருந்தேன்."

தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் அண்ணி ஏன் என்று கேட்பாள், அந்த ஏனுக்குப் பின்னால் எல்லாமே வெளியே வந்துவிடும், அண்ணன் மறைத்துவைத்த மைக் உட்பட. ஆனால் அவள் வாயைக் கட்டியது அது இல்லை. அண்ணன் தன்னிடம் சொல்லவில்லை என்பதை அண்ணி தெரிந்துகொள்வதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. டேப்பை அண்ணியின் தோளில் வைத்தாள், அளவைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டாள்.

"சொன்னாரு அண்ணி. அன்னிக்கே என்கிட்டதான் முதல்ல வந்து சொன்னாரு."

"அதானே பாத்தேன்" என்றாள் அண்ணி.